தென்கரையில் பத்துப் பேருக்கு ஒரு வீடு

இலங்கையின் தென்கரையில், காலிக்கும் மாத்தறைக்கும் இடையில் வாடகைக்கு விடும் வீடு எதைப் பார்த்தாலும் "பத்துப் பேர் தங்கலாம்" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பத்து, கட்டில் கணக்கு. நாலு அறையில் எட்டுப் பேர், ஹோலில் இரண்டு மெத்தை. கடலில் குளித்துவிட்டுப் பத்துப் பேரும் மாலை ஆறு மணிக்கு ஒன்றாக வந்து நிற்கும்போது குழாயில் என்ன வரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கூட்டாளிமார் சேர்ந்து எடுக்கும் வீட்டில் முகம் கறுப்பது பெரும்பாலும் தண்ணீரால், கரண்டால், காசால். மூன்றையும் முற்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டிசம்பரில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வருகிறவர்கள், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறவர்களோடு சேர்ந்து வீடு தேடுவது வழக்கம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மாதம். தென்கரைக் கடல் டிசம்பர் தொடங்கி ஏப்ரல் முற்பகுதி வரைக்கும்தான் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது வெலிகமையிலும் மிரிஸ்ஸவிலும் வீட்டு வாடகை இறங்கும், கடலும் கலங்கிக் கொந்தளிக்கும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையில், ஜூலை ஓகஸ்டில், குடும்பத்தோடு வருகிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று தென்கரையில் வீடு எடுத்துவிட்டு ஐந்து நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த மாதங்களில் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் போங்கள். கிழக்குக் கரை அப்போதுதான் குளம் மாதிரிக் கிடக்கும்.

இன்னொரு தேதியும் முக்கியம். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. உள்ளூர் மக்கள் வீடு எடுக்கும் உச்சக் காலம் அதுதான். ஆனால் அந்த நாட்களில் சமையல்கார அக்காவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும், அவர்களுக்கும் அதுதான் பெருநாள். பேக்கரியும் மீன்கடையும் சில நாட்கள் பூட்டுத்தான். புத்தாண்டுக்கு வீடு எடுத்தால் அரிசி, பருப்பு, முட்டை, காஸ் எல்லாவற்றையும் 12ஆம் தேதிக்கு முன் வீட்டில் சேர்த்துவிட்டு, நீங்களே சமைக்கிற திட்டத்தோடு போங்கள். போயா எனப்படும் பூரணை விடுமுறை நாட்களில் மதுபானம் விற்கமாட்டார்கள், பல இறைச்சிக் கடைகளும் திறக்காது. பதிவு செய்வதற்கு முன் கலண்டரில் பூரணை எப்போது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தென்கரையில் பல வீடுகளுக்குக் கிணறு, மோட்டர், கூரை மேல் தாங்கி என்பதுதான் ஏற்பாடு. குழாய்நீர் இருந்தாலும் தாங்கிக்குத்தான் ஏறும். தாங்கி பெரும்பாலும் 1,000 லீற்றர். சாதாரண ஷவர் ஒரு நிமிடத்துக்கு எட்டு லீற்றர் அளவில் விடும். ஆறு நிமிடம் குளித்தால் ஏறக்குறைய 50 லீற்றர். கடலுக்குப் போகிற நாளில் ஒருவர் இரண்டு தரம் குளிப்பார். பத்துப் பேருக்கு அதுவே 1,000 லீற்றர். கழிப்பறைத் தொட்டி ஒரு தரம் இழுத்தால் ஆறு லீற்றர் போகும். பாத்திரம், உடுப்பு, கால் கழுவுவது எல்லாம் இதற்கு மேல். ஆகவே 1,000 லீற்றர்த் தாங்கி உள்ள வீட்டில் பத்துப் பேர் தங்கினால் மோட்டர் ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது ஓடியாக வேண்டும். அது தானாக ஓடுமா, ஆள் போட வேண்டுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தாங்கிக்குள் மிதவை சுவிட்ச் இருந்தால் தண்ணீர் இறங்கியதும் தானாக ஓடும். இல்லாவிட்டால் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம் போட வேண்டும் என்று வந்த உடனேயே காட்டச் சொல்லுங்கள். அரைக் குதிரை வலு மோட்டர் 1,000 லீற்றரை ஏற்ற ஏறக்குறைய முக்கால் மணி நேரம் எடுக்கும். நிறைந்து வழியும் குழாய் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் நிறுத்தும் நேரம்.

மோட்டர் சத்தம் போடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். வெறுமையாக ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூட்டில் கருகிவிடும். கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஒரு புட்வால்வு இருக்கும். தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு இலைத் துண்டோ மணலோ அதில் மாட்டினால் இரவில் பைப்பில் நிற்கும் தண்ணீர் கிணற்றுக்கே போய்விடும். காலையில் மோட்டர் காற்றைத்தான் இழுக்கும். மோட்டரின் தலையில் ஒரு பித்தளை மூடி இருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி, வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, குமிழி வருவது நின்றதும் இறுக்கிப் பூட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடும். மறுநாளும் அதே கதை என்றால் புட்வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும். அது வீட்டுக்காரர் வேலை, அவரைக் கூப்பிடுங்கள்.

தாங்கி ஒரு முறை முழுக்க வற்றிவிட்டால், நிரப்பிய பிறகும் மேல்மாடிக் குழாய்கள் இருமி இருமித்தான் விடும். பைப்புக்குள் காற்று அடைத்திருக்கும். வீட்டில் மிகத் தாழ இருக்கும் குழாயை, பெரும்பாலும் தோட்டத்துக் குழாயை, முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விட்டால் காற்று வெளியேறும்.

பெப்ரவரி, மார்ச்சில் மழை குறையும்போது கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும். குளிக்கலாம், ஆனால் தேத்தண்ணீர் போட்டால் வாயில் வைக்க முடியாது. சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் 19 லீற்றர்ப் போத்தல்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லீற்றர், சமையலுக்கும் தேத்தண்ணீருக்கும் சேர்த்து இன்னொரு லீற்றர் என்று வைத்தால் பத்துப் பேருக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டு போத்தல். மூன்று இரவுக்கு ஆறு. வாசல் வரைக்கும் கொண்டுவந்து தருவார்கள், வெறும் போத்தலுக்கு வைப்புக் காசு கேட்பார்கள். அதைக் கணக்கில் தனியாக எழுதி வைத்தால் போகும்போது மறக்காது.

கூரையில் இருக்கும் கறுப்புத் தாங்கி மத்தியானம் முழுக்க வெயில் குடித்திருக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு வரும் தண்ணீர் சுடுதண்ணீர்தான். குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்த நேரத்தில் குளிக்கவைத்தால் ஹீற்றரே தேவையில்லை. அதனால் மிச்சமாவது கரண்ட் கட்டணம் மட்டுமல்ல. அடுத்த தலைவலியான கரண்ட் சுமையும் அதனால் குறையும்.

இங்கே சாதாரண வீட்டுக்குக் கிடைக்கும் இணைப்பு ஒற்றைக் கட்டம் (சிங்கிள் ஃபேஸ்), 30 அம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். அதற்குமேல் அந்த வீடு தாங்காது. 12,000 பிடியூ ஏசி ஒன்று ஏறக்குறைய 1,100 வாட். மூன்று அறையில் ஓடினால் 3,300. ஷவரோடு வரும் உடனடி ஹீற்றர் 3,500 வாட் தொடங்கி மேலே போகும். இவ்வளவுக்குமே எல்லை வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்துக் குசினியில் யாரோ 2,000 வாட் கேத்திலைப் போட்டால் வீடு முழுக்க இருட்டு. வீட்டில் எந்தப் பழுதும் இல்லை, சுமைதான் கூடிவிட்டது. மாலை ஆறு முதல் எட்டு வரை ஹீற்றர் ஓடும்போது இரண்டு ஏசிக்கு மேல் போடுவதில்லை, மின் இஸ்திரிப்பெட்டி காலையில் மட்டும் என்று முதல் நாளே பேசி முடிவெடுங்கள். மூன்று கட்ட இணைப்பு உள்ள வீட்டில் இந்தக் கவலை பெருமளவு இல்லை. பெரிய வீடு என்றால் அதைக் கேட்டுத்தான் முற்பணம் கட்ட வேண்டும்.

மழை பெய்த இரவில் கரண்ட் போனால் அது வேறு காரணம். ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். தோட்டத்து லைட்டுக்குள் தண்ணீர் இறங்கி, கரண்ட் கொஞ்சமாக நிலத்துக்குக் கசிந்தால் அது விழும். 30 மில்லி அம்பியர் கசிவே போதும். விழுந்ததை மீண்டும் மீண்டும் தூக்கிப் போடாதீர்கள். பலகையில் இருக்கும் சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்குங்கள், ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள், பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள். எதைத் தூக்கும்போது திரும்ப விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதைப் போட்டால் இரவு கழியும், விடிந்ததும் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடலாம். ட்ரிப் சுவிட்சுக்குக் குறுக்கே கம்பி கட்டி விழாமல் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். ஈரக்காலோடு ஹீற்றரைத் தொடுகிற வீட்டில் உயிரைக் காப்பது அது ஒன்றுதான்.

ஏசியால் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் முறைப்பாடு வரும். பாதி நேரம் காரணம் திறந்து கிடக்கும் கதவு. கடற்காற்றில் ஈரம் அதிகம், 18 பாகையில் ஓடும் ஏசியின் குளிர்ந்த பாகங்களில் அது வியர்வையாகப் படிந்து வழியும். கதவைச் சாத்தி 25, 26இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் போதும். அப்படியும் ஒழுகினால் வெளியே போகும் சின்ன ரியூப்பில் பாசி அடைத்திருக்கும், அதைத் துப்பரவாக்க வேண்டும். சில வீடுகளில் ஏசிக்குத் தனிக் கட்டணம், அல்லது மீற்றர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்படியென்றால் வந்த உடனேயே, பொதிகளை இறக்குவதற்கு முன், மீற்றரைப் படமெடுத்து வீட்டைப் பார்ப்பவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நாடு முழுக்கக் கரண்ட் போகிற நாளும் வரும். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று போய்ப் பட்டதால் தீவு முழுவதும் மணிக்கணக்கில் இருளாகியது. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வாளி தண்ணீர் மூடி வையுங்கள். மூடித்தான் வைக்க வேண்டும். திறந்த வாளி நுளம்புக்கு.

போகும் வழி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்கவில் இருந்தே அதிவேகப் பாதையாக இறங்கிவிடலாம். பாதையை விட்டு இறங்கும் வாயில்கள் இவை: உணவட்டுனவுக்குப் பின்னதூவ, அஹங்கமைக்கு இமதூவ, வெலிகமைக்கும் மிரிஸ்ஸவுக்கும் கொக்மாதுவ, மாத்தறைக்குக் கொடகம. பத்துப் பேரும் பொதிகளும் என்றால் உயரக் கூரை வான் ஒன்று போதும். வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் அந்த வான் நுழையுமா என்று கேளுங்கள். வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஓட்டோ மட்டும் போகும் ஒழுங்கைகள் நிறைய. "கடலுக்கு இரண்டு நிமிடம்" என்று போட்டிருந்தால், காலி வீதிக்கு எந்தப் பக்கம், ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் பஸ் பறக்கும் வீதியைக் குழந்தைகளோடு தாண்ட வேண்டி வரலாம். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் உள்ளூர் அங்கீகாரப் பத்திரம் எடுக்காமல் ஸ்கூட்டரைத் தொட வேண்டாம். விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே நல்ல வழக்கம் ஒன்று உண்டு. வீட்டோடு சமையல்காரர் இருப்பார், அநேகமாக அந்த ஊர் அக்கா ஒருவர். சாமான் காசு உங்களுடையது, கூலி தனி. காலையில் அவர் சந்தைக்குப் போகும்போது கையில் காசு இருக்க வேண்டும். "நீங்கள் வாங்குங்கோ, பிறகு பில்லைப் பார்த்துத் தருகிறோம்" என்பது நாட்கூலிக்காரருக்குச் செய்யும் அநியாயம். நாளை என்ன சமையல் என்பதை முந்திய இரவே சொல்லிவிடுங்கள். பலர் மாலை ஆறு, ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்குச் சூடாகப் பரிமாறுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பத்துப் பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு கிலோ 200 கிராம் அரிசி, பருப்புக் கறிக்கு 400 கிராம் மைசூர்ப் பருப்பு, மீன் முழுதாக இரண்டு கிலோ, மரக்கறி இரண்டு வகை, தேங்காய் மூன்று. காலைக்குப் பாண் என்றால் ஒரு இறாத்தல் இரண்டு பேருக்கு, ஆக ஐந்து. இடியப்பம் என்றால் ஆளுக்கு எட்டு, ஆக எண்பது. அதை வீட்டில் அவிக்கச் சொல்லாதீர்கள், முதல் நாள் மாலையே கடையில் சொல்லிவைத்தால் காலையில் சுடச்சுட வரும். சொதிக்கு இரண்டு தேங்காய், சம்பலுக்கு இரண்டு. 1.8 லீற்றர் ரைஸ் குக்கர் ஒன்று இருந்தால் அந்தச் சோறு ஒரே தரத்தில் ஆகும். சின்னக் குக்கர் என்றால் இரண்டு ஈடு போட வேண்டும், அதற்குள் முதல் ஈடு ஆறிவிடும். காஸ் சிலிண்டர் 12.5 கிலோவா, 5 கிலோவா என்று பாருங்கள். எவ்வளவு மிச்சம் என்று தெரியாவிட்டால் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுக் கையால் தடவுங்கள். எங்கே குளிரத் தொடங்குகிறதோ அதுவரைக்கும் காஸ் இருக்கிறது.

கூட்டத்தில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் இருந்தாலோ, வெள்ளிக்கிழமை நடுவில் வந்தாலோ, ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். தெற்கில் மாசி (காயவைத்த சூரை மீன்) இல்லாத சம்பலே கிடையாது, போஞ்சிக் கறியிலும் பருப்பிலும்கூட இடித்துப் போடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு வாசனைச் சாமான் மாதிரி. "மீன் போட வேண்டாம்" என்று சொன்னால் மீனை விட்டுவிட்டு மாசியைப் போடுவார்கள். "உம்பலகட எபா", அதாவது மாசி வேண்டாம் என்று, சிங்களத்தில் பெயர் சொல்லியே சொல்லுங்கள். மொழி தெரியாது என்று தயங்கவும் வேண்டாம். வெலிகமையிலும் திக்வெல்லையிலும் காலிக் கோட்டைக்குள்ளும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பல கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு காலியில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகத்தோடு அதில் இருக்கும் மூன்றாவது மொழி தமிழ். சமையல் செய்பவரை "அக்கே", வீட்டைப் பார்ப்பவர் மூத்தவர் என்றால் "அய்யே", இளையவர் என்றால் "மல்லி" என்று கூப்பிட்டால் போதும். "வதுர இவரய்" என்றால் தண்ணீர் முடிந்துவிட்டது. இந்த ஒரு வசனம் கட்டாயம் உதவும்.

மீன் விடியற்காலையில் வாங்க வேண்டும். மிரிஸ்ஸ துறைமுகத்துக்குப் பலநாள் படகுகள் வரும், அவற்றின் மீன் ஐஸில் நாட்கணக்கில் கிடந்தது. கரையோரத் தட்டிகளில் சிறு படகுகள் காலையில் கொண்டுவருவது அன்றைய மீன். செவுள் சிவப்பாக, கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சூரை போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்து. சூரை வெயிலில் சூடானால் அதன் தசையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வரும். ஆகவே சூரை வாங்கப் போகும்போது ஐஸ் பெட்டியோடு போங்கள், இரண்டு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ ஐஸ். வாங்கிவிட்டுக் கடற்கரையில் படமெடுக்க நிற்க வேண்டாம்.

அந்தச் சூரையில் அக்காவிடம் அம்புல் தியல் கேளுங்கள். தெற்குக்கே உரிய சமையல் அது. ஒரு கிலோ மீனைப் பெரிய சதுரத் துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து அரைத்த கொறுக்காய்ப்புளி ஒரு கைப்பிடி, இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை, கறுவாத் துண்டு சேர்த்துப் பிரட்டி, மண்சட்டியின் அடியில் வாழையிலை விரித்து ஒற்றை வரிசையாக அடுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் வைப்பார். தண்ணீர் முழுக்க வற்றி, துண்டுகள் கறுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்போது இறக்க வேண்டும். புளியும் வறட்சியும் சேர்ந்து அதைக் கெடாமல் வைத்திருக்கும், அடுத்த நாள் ருசி கூடும். பத்துப் பேர் தங்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஃபிரிட்ஜைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, குடிக்கிற போத்தல்களை எல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். கதவு நிமிடத்துக்கு ஒருதரம் திறந்தால் உள்ளே எதுவும் குளிராது.

காசுப் பங்கீடு. எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் குளியலறையோடு சேர்ந்த அறையில் இருவர், மற்ற அறையில் மூவர் என்றால் அந்த மூவருக்கும் மனதில் ஒரு முள் இருக்கும். நான் சொல்லும் முறை இது. வாடகையில் பாதியைத் தலைக்கும் பாதியை அறைக்கும் பிரியுங்கள். உதாரணத்துக்கு மூன்று இரவுக்கு 1,80,000 ரூபாய், நாலு அறை, இரண்டில் இருவர், இரண்டில் மூவர். 90,000ஐப் பத்தால் பிரித்தால் தலைக்கு 9,000. மீதி 90,000ஐ நாலு அறைக்குப் பிரித்தால் அறைக்கு 22,500. இருவர் அறையில் ஆளுக்கு 11,250, மூவர் அறையில் 7,500. ஆக இருவர் அறைக்காரர் 20,250, மூவர் அறைக்காரர் 16,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். யாருக்கு எந்த அறை என்பது வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வாசலில் நின்று முடிவெடுத்தால் முதலில் ஓடுகிறவருக்குத்தான் நல்ல அறை.

சாப்பாட்டுக்குப் பொதுப்பணம் ஒன்று, அதை வைத்திருப்பவர் ஒருவர். மதுவுக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது, குடிப்பவர்கள் தனியாகப் போடட்டும். வெளிநாட்டுக்காரர்கள் பவுணிலோ டொலரிலோ கொடுத்தால் முதல் நாள் விலையை எழுதி, கடைசி வரை அந்த ஒரே விலையில் கணக்குப் பார்க்க வேண்டும். வசதியான ஒருவர் எல்லாவற்றையும் தானே கட்டிவிடுவது அன்புதான், ஆனால் அடுத்த வருடம் மற்றவர்கள் வரத் தயங்குவார்கள்.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே கறுத்து அமைதியாகத் தெரியும் பாதைதான் ஆளை வெளியே இழுக்கும். குளிக்கப் பாதுகாப்பான இடம் என்று நினைத்து அங்கேதான் இறங்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியே வந்த பிறகு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன நல்லது, பவளப்பாறை அலையை மறிக்கிறது. அந்தப் பாறையில் ஏறி நிற்க வேண்டாம். அது உயிருள்ளது, காலையும் கிழிக்கும். இரவில், குடித்த பிறகு, யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990, அது இலவசம். பொலிஸுக்கு 119. ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதிகமும் விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்னும். இரவில் வலை போட்டது போதும் என்று நினைக்க வேண்டாம். வந்த அன்றே பூச்சட்டித் தட்டுகள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, தோட்டத்துச் சிரட்டைகள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் குடித்து, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும்.

மணலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் கோப்பையும் படியில் இருந்தால் எல்லாரும் கால் கழுவுவார்கள். இல்லாவிட்டால் மணல், முடியோடு சேர்ந்து ஷவர் வடிகாலை அடைத்துவிடும், இரண்டாம் நாள் குளியலறையில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நிற்கும். ஜன்னல் திறந்திருக்கும் அறையில் வாழைப்பழம் வைத்தால் குரங்கு வரும். ஒருமுறை கிடைத்துவிட்டால் தினமும் அதே நேரத்துக்கு வரும்.

கிளம்பும் நாள் காலையில் மீற்றரை வீட்டைப் பார்ப்பவரோடு சேர்ந்து நின்று படமெடுங்கள். அக்காவுக்கும் தோட்டக்காரருக்கும் கொடுக்கும் சந்தோஷக் காசை அவரவர் கையிலேயே கொடுங்கள், வீட்டுக்காரரின் பில்லோடு சேர்த்துக் கொடுத்தால் எல்லா நேரமும் அவர்களிடம் போய்ச் சேராது. மிச்ச அரிசியும் தேங்காயும் அக்காவுக்கு வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வைப்புப் பணத்தில் கைவைப்பது பெரும்பாலும் கறி பட்ட வெள்ளைத் துவாயும் விரிப்பும்தான். கறை தெரிந்த அன்றே சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவி எடுத்து, ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்துவிடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறும், பின்னேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய் போகாமல் காயவைத்தால்தான் கறை நிற்கும்.